நான் வெட்டியெடுத்த நான்கு தாள்கள்

சேகர், உறையைப் பிரித்தவுடன் மடித்து வைத்த நான்கு தாள்கள் கீழே விழுந்திருக்கும். பொறுக்கி ஓரமாக வை. இப்போது விரிக்காதே. முதலில் நான் எழுதியதைப் படி, அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து படி. நடந்துகொண்டே கடிதம் படிக்கும் பழக்கம் உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஒருமுறை அப்படிப் படித்துக்கொண்டே போய்க் கம்பத்தில் முட்டி, நெற்றி வீங்கி, அதற்கும் முனிசிபாலிட்டியைத்தான் திட்டினார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தில் இருப்பது அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என்னோடு பேசுவதை நிறுத்தியிருப்பார். நீ நிறுத்தினாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நிறுத்து.

போன வாரம் உன் ஏரோகிராம் வந்தது. குளிரைப் பற்றி இரண்டு வரி, சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி, மிச்சம் முழுக்க மூளை. ஒரு செல்லின் தோலில் நடப்பது, ஒரு முழுச் செல் செய்வது, பல்லாயிரம் செல்கள் கூடிச் செய்வது, கடைசியில் மண்டைக்கு வெளியே பேனா எழுதும் அலை, இந்த நான்கு தட்டையும் ஒரே கணக்கில் கோத்து, கண்ணில் ஒளி பட்டால் ஒவ்வொரு தட்டிலும் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்ல 'மாதிரி' ஒன்றை, மாடல் என்பார்களே அதை, கட்டுகிறோம் என்று எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் மடிப்போரத்தில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். மாதிரி சொல்வது சரியா என்று பார்க்க, ஆட்களை இருட்டு அறையில் உட்கார வைத்து, மினுக்கும் விளக்கைக் காட்டிப் பதிவு எடுக்கப் போகிறீர்கள். புது வருஷத்தின் முதல் திங்கட்கிழமை, முதல் ஆள் நீ. முந்தின இரவு தூங்கக் கூடாதாம். 'உன்னை மாதிரி தலையில் எலக்ட்ரோடு ஒட்ட இங்கே ஒருத்தருக்கும் கை வரவில்லை அம்மா' என்று எனக்கு ஐஸ் வைத்துவிட்டு, 'ஒற்றைக் கண்ணைப் பொத்தும் உன் சாஸ்திரத்தை இங்கே வந்த அன்றே குப்பையில் போட்டுவிட்டேன்' என்று கேலியும் செய்திருந்தாய். அந்தத் திங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

நீ கேட்பாய், அன்றைக்கு டிரங்கால் போட்டபோதே ஏன் சொல்லவில்லை என்று. சொல்லத்தான் போட்டேன். தந்தி ஆபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கவுன்டரில் நம் தெருக் கோவிந்தன். பெஞ்சில் நம் பேட்டை ஆட்கள் நான்கு பேர். லைன் கிடைத்ததும், "அக்கா, சத்தமா பேசுங்க, அப்பதான் அந்தாண்ட கேக்கும்" என்றான். சத்தமாகப் பேச வேண்டிய விஷயமா அது? நீ "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று பதறினாய். நான் "ஒன்னுமில்லடா, சாப்டியா? ஸ்வெட்டர் போடறியா?" என்றேன். மூன்று நிமிஷமும் உன் ஸ்வெட்டரிலேயே போய்விட்டது. இத்தனை தூரத்தில் இருக்கும் பிள்ளையின் உயிரைவிட, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேரின் காது எனக்குப் பெரிதாகிவிட்டது. மறுபடி போன் செய்யலாம் என்றால் உன் விடுதி ஆபீஸ் பண்டிகை விடுமுறைக்கு மூடிவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உனக்கு உன் வேலு மாமாவைத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டவன், என் தம்பி. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. பத்தொன்பது வயதில் வேலை நேரத்தில் விழுந்தான். கை கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை. சுற்றி நின்றவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரும்பு பட்டால் காக்காய் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊர் வைத்தியம். மூன்றாம் முறை விழுந்தபோது மேஸ்திரி, "மிஷின்ல போய் வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பேசி வைத்திருந்த பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் தெருவில் அவனுக்கு வேலு என்ற பெயரே இல்லை, இழுப்புக்காரன்தான். ஒரு நாள் குளத்துக்குக் குளிக்கப் போனவனை மற்றவர்கள் தூக்கி வந்தார்கள். கரையில் துணி மடித்து வைத்திருந்தது. அதனால் அது விபத்துதான் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். ஆஸ்பத்திரியில் மூளை அலை எடுக்கும் மெஷின் வந்து, அதைப் பழக ஆள் கேட்டபோது நான் முந்திக்கொண்டு கை தூக்கியது அவனுக்காகத்தான்.

அந்த மெஷினை நீ பார்த்திருக்கிறாய். எட்டுப் பேனா. தலையில் களிம்பு தடவி எலக்ட்ரோடு ஒட்டி, சுவிட்சைப் போட்டால் எட்டும் சரசரவென்று எழுதும். தாள் மடிப்பு மடிப்பாக ஓடி வந்து கூடையில் விழும். ஒரு மடிப்பு பத்து வினாடி. ஒவ்வொரு மடிப்பிலும் எண் அச்சடித்திருக்கும். எங்கள் டாக்டர் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படிப்பு. என்னை மரியாதையாக 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். ஆயா வேலைக்குச் சேர்ந்து டெக்னீஷியன் ஆனவளுக்கு அந்த ஒரு சொல்லே சம்பள உயர்வு மாதிரி. உனக்குப் பதினோரு வயதானபோது மெஷினோடு சேர்த்து வைக்க ஒரு மின்னல் விளக்கு வந்தது. வினாடிக்கு இத்தனை முறை என்று திருகி வைத்தால் அத்தனை முறை பளிச் பளிச்சென்று அடிக்கும். நல்ல குழந்தையின் மூளை அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று ஒரு பதிவு வேண்டும், அதை வைத்துத்தான் நோய் உள்ளவர்களின் பதிவை ஒப்பிடப் போகிறோம், யாராவது பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை என்று மார்தட்டிக்கொண்டு உன்னைக் கூட்டிப் போனேன். சீயக்காய் தேய்த்து எண்ணெய் போகக் குளிப்பாட்டினேன். பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் வார்டுக்குப் போயிருந்தார். அறையில் நீயும் நானும்தான். "கூசுதும்மா" என்று சிரித்தாய். சும்மா படுத்திருந்தபோது அழகான பதிவு, பாடப்புத்தகத்தில் போடலாம். விளக்கைத் திருகினேன். வினாடிக்கு ஐந்து, எட்டு, பத்து. பின்மண்டைப் பேனாக்கள் இரண்டும் விளக்கோடு தாளம் போட்டன. அது எல்லோருக்கும் வருவதுதான். பதினைந்தில் வைத்தேன். பின்மண்டையில் இருந்தது முன்னால் பரவியது. எட்டுப் பேனாவும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன. ஊசி ஊசியாக, தாளைக் கிழிக்கிற மாதிரி. உன் இமை துடித்தது. வாய் பாதிச் சிரிப்பிலேயே நின்றுவிட்டது. நான் விளக்கை அணைத்தேன். சேகர், விளக்கு அணைந்த பிறகும் பேனா நிற்கவில்லை. நான்கு வினாடி. இருட்டில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் நீ கண்ணை விழித்து, "முடிஞ்சிதா? ஐஸ் வாங்கித் தரேன்னியே?" என்றாய்.

விளக்கு அணைந்த பிறகும் ஓடினால் என்ன அர்த்தம் என்று டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கு அப்போது டாக்டர் ஞாபகத்துக்கு வரவில்லை. குளக்கரையில் மடித்து வைத்திருந்த துணிதான் வந்தது. கத்தரிக்கோல் பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துநான்கு வரை, நான்கு மடிப்பை வெட்டினேன். நுனிகளைச் சேர்த்து ஒட்டினேன். ஓரத்தில் என் கையெழுத்தில், 'விளக்கு பழுது, மேற்கொண்டு செய்யவில்லை' என்று எழுதினேன். உன் வாழ்க்கையில் நாற்பது வினாடியை வெட்டி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, உனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதைச் செய்தேன். மிச்சப் பதிவை டாக்டர் 'நல்ல குழந்தை' என்று எழுதி அலமாரியில் வைத்தார். எத்தனை பிள்ளைகளின் பதிவை அதன் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்களோ, அதை வைத்து யாருக்கு என்ன சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. நீ கட்டும் மாதிரிக்கும் எங்கிருந்தெல்லாமோ பதிவுகள் வந்திருக்கும். அதில் எதையாவது ஒரு அம்மா வெட்டியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வை.

இப்போது உன் அம்மாவின் சாஸ்திரங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டால் மினுக்கும் வெளிச்சம் மூளையைத் தாக்கும் வேகம் பாதியாகக் குறையும் என்று ஒரு நோயாளிக்கு டாக்டர் சொன்னதைக் கேட்டேன். அதைத்தான் உனக்கு, "எங்கியாவது வெளக்கு மினுக்கினா ஒத்தக் கண்ணைப் பொத்திக்கோ, கண்ணு படாது" என்று சொல்லிக்கொடுத்தேன். காலாப்பட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது காலை பஸ்ஸில் கடல் பக்கம் உட்கார விடமாட்டேன். கடல் காற்று ஆகாது என்பேன். காற்றுக்காக இல்லை, சவுக்கு மரங்களுக்கு நடுவே வெயில் வெட்டி வெட்டி முகத்தில் அடிக்கும். தெருவில் முதல் டிவி வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலில் தொங்கின, உன்னை மட்டும் அடித்து இழுத்து வந்தேன். "எங்க அம்மா ஒரு பட்டிக்காடு" என்று நீ கூட்டாளிகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். காரணம் சொன்னால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் மருத்துவத்துக்கு மூடநம்பிக்கை என்று வேஷம் போட்டுவிட்டேன். நீ படித்தாய், அறிவு வந்தது, மூடநம்பிக்கையைத் தூக்கி எறிந்தாய். எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான். உன்னைக் காப்பாற்றியதை உன் கையாலேயே எறிய வைத்தவள் நான்தான்.

பதினான்கு வயதில் தேர்த் திருவிழாவில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாய், நாக்கைக் கடித்துக்கொண்டாய் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ எந்தப் படியிலும் வழுக்கவில்லை. அந்த வருஷம் புதுசாக சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள், ஓடி ஓடி எரிவது. உன் கை என் கையில்தான் இருந்தது. வளையல் கடையில் விலை கேட்கத் திரும்பினேன், அவ்வளவுதான். கீழே கிடந்தாய். வேலு எப்படிக் கிடந்தானோ அப்படி. யாரோ ஒரு கிழவர் சாவியோடு ஓடி வந்தார். நான் அதைப் பிடுங்கி எறிந்து, "எம் புள்ளைக்கு அதெல்லாம் ஒன்னுமில்ல, வெயில் மயக்கம்!" என்று கத்தினேன். மணி இரவு ஏழு. எந்த வெயில் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கும். உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உன் தலை தரையில் இடிக்காமல் முந்தானையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாக்குப் புண் ஆறப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

டாக்டர் ஓய்வு பெற்ற அன்று எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நான் கடைசியாகப் போய் நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மதாம், நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சு வருது. எனக்கு எண்ணத் தெரியும்" என்றார். "அந்தப் பதிவைப் பார்த்த அன்னிக்கே தெரியும். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். மாத்திரை இருந்திச்சி, மதாம். பையனுக்கு அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். நானும் கேட்டிருக்கணும், கேக்காம நல்ல குழந்தைன்னு எழுதி வச்சிட்டேன். அது என் தப்பு" என்றார். அவர் தப்பை அவர் நின்று சொல்லிவிட்டார். நான் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றாவது வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். அன்றுதான் உனக்கு அங்கே இடம் கிடைத்த கடிதம் வந்திருந்தது. அப்பா படத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தாய். அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். இந்த 'அப்புறம்' என்ற சொல்லை மட்டும் என்னிடமிருந்து பழகாதே, சேகர். உனக்கு நான் கொடுக்கிற ஒரே புத்திமதி அதுதான்.

உன் ஏரோகிராமில் ஒரு படம் வரைந்திருந்தாய். விளக்கு எரியும்போது கோடு மேலும் கீழும் ஆடுகிறது, விளக்கு அணைந்ததும் படிப்படியாக அடங்கி நேராகிறது. மாதிரி அப்படித்தான் சொல்கிறது என்று எழுதியிருந்தாய். மில் சங்கு ஊதியதும் ஷிப்ட் விடுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சங்கு ஒன்றுதான். ஆனால் கேட்டைத் தாண்டியதும் ஒருவன் டீக்கடைக்கு, ஒருவன் சைக்கிளுக்கு, ஒருவன் சீட்டு விளையாட என்று கலைந்துவிடுவார்கள். கலைகிற வரைக்கும் கவலை இல்லை. சங்கு நின்ற பிறகும் அத்தனை பேரும் ஒரே காலை எடுத்து ஒரே காலை வைத்து நடந்துகொண்டே இருந்தால், ரோட்டில் எவன் நிற்க முடியும்? உன் மாதிரியில் இருப்பது கலைகிற கூட்டம். உன் தலையில் இருப்பது வேறு. நீ வரைந்த கோட்டை என் நான்காவது தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளக்கு அணைந்ததும் உன் கோடு அடங்குகிறது, என் தாளில் இருப்பது அடங்கவில்லை. தாள் பழுத்துவிட்டது, மை மங்கவில்லை.

இதுவரை விடியற்காலையில் எழுதியது. இப்போது மணி பதினொன்று. தந்தி ஆபீசுக்குப் போய் வந்துவிட்டேன். 'அம்மா கவலைக்கிடம், உடனே வா' என்று கொடுத்தால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். சுலபமான பொய். பதின்மூன்று வருஷமாகப் பொய் சொல்லி உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடம் தெரிந்ததால், அதை எழுதவில்லை. அங்கே யார் கையில் கிடைத்தாலும் புரியட்டும் என்று, எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி பிரெஞ்சில் எழுதி நீட்டினேன். கோவிந்தனுக்கு அப்பா வழியில் அந்த மொழி கொஞ்சம் வரும். சொல் எண்ணுவதற்காகச் சத்தமாகப் படித்தான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது... வலிப்புன்னு போட்டுக்கீதே? யாருக்கு, நம்ம சேகருக்கா?"

பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். நம் பேட்டைக்காரர்கள்தான்.

"ஆமா. நம்ம சேகருக்குத்தான். எந்தம்பிக்கு இருந்திச்சி, எம் புள்ளைக்கும் இருக்குது. நான் மறைச்சிட்டேன். நீ படி, நல்லா சத்தமா படி. தப்பில்லாம போவணும்."

அவன் படித்தான். 'உனக்கு வலிப்பு உண்டு. விளக்கின் முன் உட்காராதே. டாக்டரைப் பார். கடிதம் வருகிறது. அம்மா.' பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் எழுந்து எனக்கு இடம் விட்டார். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முத்திரை குத்திவிட்டு கோவிந்தன் மெதுவாகச் சொன்னான்: "அனுப்பிட்றேங்க்கா. ஆனா அந்தாண்ட லீவு நாளு. ஆஸ்டல் பூட்டியிருந்தா கதவாண்ட சீட்டுதான் போட்டுட்டுப் போவான். தம்பி பாக்கறதுதான்."

ஆகவே நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை கழிந்திருக்கும். தந்தியைப் பார்த்திருந்தால், மடித்த தாள்களை விரித்து அங்கே உள்ள டாக்டரிடம் காட்டு. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு. எண் வரிசையாக இருக்கிறது. பார்க்காமல் போய் உட்கார்ந்திருந்தால், இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாராவது உனக்குப் படித்துக் காட்டுகிறார்களோ என்னவோ. அப்படியானாலும் தாள்களைக் காட்டச் சொல். எனக்கு ஒரே ஒரு சொல் தந்தியடி. நம் தெருவில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே பெண்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், உனக்குத் தெரியும். நான் வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவர் சைக்கிள் நான் திரும்பி வந்ததிலிருந்து இரண்டு முறை நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.